சிறை செல்லத் துணிந்த பெண்மணி

வரலாற்று நூல்களைப் புரட்டுங்கால் மன்னர் பெயர்களும் போர்க்களங்களின் பெயர்களும் வரிசை வரிசையாக நம் கண்முன் வருகின்றன. பெண்மக்களின் பெயரோ, அரசியாய்ப் பிறந்தாலன்றி, அரிதாகவே தென்படுகின்றது. அவருட் சிலரை நீதிமன்ற ஏடுகளில்தான் காண இயலும். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகளில் 'தாதாஜி பிகாஜி எதிர் ரக்மாபாய்' என்றொரு வழக்கு உள்ளது. சட்டம் பயில்வோர் அதனை அறிவர். ஆயினும் அப்பெண்மணி யார், வழக்கிற்குப் பின் அவர் என்ன ஆனார் என்பதை நம்மிற் பலர் அறியோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடுகளுக்கு நடுவே காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கு, ஒரு பெயர் ஏட்டில் இருப்பது வேறு, மக்கள் நெஞ்சில் இருப்பது வேறு என்பது நன்கு தெரியும்.

பிழைப்பு நாடி இம்மாநகருக்கு வந்த நாம், விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர்பெற்று, இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம் என வழங்கும் பெருங்கட்டடத்தை அறியாதவர்களல்லோம். 1878 முதல் 1888 வரை அது கட்டப்பட்டது. அதன் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலேதான் உயர்நீதிமன்றத்தில் இவ்வழக்கும் நடைபெற்றது.

ரக்மாபாய் 1864ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் வகுப்பினராதலின், தாயார் ஜெயந்திபாய், மருத்துவரும் தாவரநூல் அறிஞருமான சகாராம் அர்ஜுனை மணந்தார். அறிவு மணங்கமழ்ந்த அவ்வில்லத்தில் வளர்ந்தும், ஊர் வழக்கத்திற்கு அச்சிறுமி தப்பவில்லை. 11ஆம் வயதில், 19 வயதினரான தாதாஜி பிகாஜிக்கு மணம் முடிக்கப்பெற்றார். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. எனினும் அவர் கணவன் வீடு செல்லாது தாயுடனேயே தங்கி, பாதிரிமார் நூலகத்துப் புத்தகங்களை வருவித்துத் தாமே பயின்று வந்தார்.

1884ஆம் ஆண்டில், மனைவியைத் தம்முடன் வாழ அனுப்புமாறு தாதாஜி நீதிமன்றத்தை நாடினார். அப்போது ரக்மாபாய்க்கு அகவை 20கூட நிரம்பவில்லை. நன்மை தீமை அறியாப் பருவத்தில், தம் இசைவின்றி நடந்த மணத்தைக் காட்டித் தம்மை வற்புறுத்தலாகாது என்பதே அவர் தரப்பு. 1885இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கமே தீர்ப்பளித்தார். இத்தகைய வழக்கு இந்து சாத்திரத்திற்கு உரியதன்று, இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து வந்தது. ஒருநாளும் கூடி வாழாத ஓர் இளம்பெண்ணை அச்சட்டங்கொண்டு இழுத்துச் செல்லுதல் கொடுமை என்பது அவர் கருத்து.

நாடெங்கும் பெரும் பூசல் எழுந்தது. பெஹ்ராம்ஜி மலபாரியும் பண்டித ரமாபாயும் ரக்மாபாயை ஆதரித்தனர். விடுதலைப் போரிற் புகழ்பெற்ற திலகரோ அத்தீர்ப்பைக் கண்டித்து எழுதினார். அன்னிய ஆட்சி நம் சமயத்தில் தலையிடுகின்றது என்னும் ஐயம் அறிஞர் பலரையும் பற்றியிருந்தது. அவ்வையத்திற்கு அந்நாளில் இடமிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் தன்மானத்தைக் காக்க ஒரு பெண்ணின் தன்மானத்தைப் பணயம் வைத்தல் எங்ஙனம் முறையாகும்? அவ்வாண்டிலேயே 'ஓர் இந்துப் பெண்மணி' என்னும் புனைபெயரில், குழந்தை மணத்தின் கேட்டையும் கைம்மைக் கொடுமையையும் குறித்து 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழிற் கடிதங்கள் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் ரக்மாபாயே.

1886இல் மேல்முறையீட்டு மன்றம் பின்ஹேயின் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 1887 மார்ச் 4ஆம் நாள் நீதிபதி பேரன் புதிய தீர்ப்பை வழங்கினார்: ஒரு திங்களுக்குள் கணவன் வீடு செல்லவேண்டும், இன்றேல் ஆறு திங்கள் சிறை. அஃது, ஒரு பெண் அரியணையேறி ஐம்பதாண்டு ஆயிற்றென்று பேரரசு முழுதும் பொன்விழாக் கொண்டாடிய ஆண்டு! ரக்மாபாய் அஞ்சவில்லை. சிறைக்கே செல்வேன் என்றார். இறுதியில், 1888இல், தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு வழக்கை விட்டொழித்தார்.

கதை ஈண்டு முடிந்திருப்பின், அவர் வெறும் வழக்கின் பெயராகவே நின்றிருப்பார். அவர் வாழ்வோ அதன் பின்னரே தொடங்கியது. காமா மருத்துவமனையின் எடித் பீச்சி அம்மையார் முதலியோர் துணைநிற்க, 1889இல் இங்கிலாந்து சென்று, இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியிற் பயின்று, 1894இல் தேர்ச்சி பெற்றார். தாயகம் திரும்பிச் சூரத்திலும், பின்னர் ராஜ்கோட்டிலும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பெண்களுக்கு மருத்துவம் புரிந்தார். ஆடவர் கை தீண்டலாகாதென்று நோயோடு மடிந்துகொண்டிருந்த பெண்டிர்க்கு அவர் பணி எத்துணைப் பெரும்பேறு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1904இல் தாதாஜி இறந்தபோது அவர் கைம்பெண்ணின் வெள்ளுடை பூண்டார் என்பர். இது பலருக்கு வியப்பளிக்கலாம். அவர் எதிர்த்தது மணவாழ்வையன்று, வற்புறுத்தலையே என்று நாம் கொள்கின்றோம்.

அவர் மூட்டிய கனல் வீண்போகவில்லை. அவர் வழக்கும், வங்காளத்தில் கணவனால் உயிரிழந்த பூல்மணி என்னும் சிறுமியின் வழக்கும் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, 1891இல் பெண்ணின் இசைவு வயது 10இலிருந்து 12 ஆக உயர்ந்தது. கணவனுடன் வாழ மறுக்கும் மனைவிக்குச் சிறை என்னும் விதி 1923இல் நீக்கப்பெற்றது. 1955 மே மாதத்தில் இந்து திருமணச் சட்டம் மணவிலக்கு உரிமையை வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள், 90 வயது கடந்த ரக்மாபாய் இம்மாநகரிலேயே கண்மூடினார். எனினும், கூடிவாழக் கட்டளை கேட்கும் வழக்கிற்கு அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு இடந்தந்துள்ளது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அன்பர்களே, நாம் குடியேறிய ஊர் நமக்குச் சோறு தந்தது. அவ்வூரின் வரலாற்றை அறிந்து போற்றுதல் நம் கடன். நம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டின் மருத்துவமணி முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றிக் கூறுகின்றோம். அவர் பிறந்த 1886இல், தன் உரிமைக்காக நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்த இந்நகரத்துப் பெண்ணைப் பற்றியும் கூறுவோமாக. ஆண்டுதோறும் நம் சங்க விழாவில், உலகம் மறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றையேனும் நம் பெண்மக்களைக் கொண்டு மேடையேற்றிச் சொல்லச் செய்வோமாக. ஏட்டில் இரண்டாவதாக நிற்கும் அப்பெயர், அவர்தம் நாவிலேனும் முதலாவதாக ஒலிக்கட்டும்.