ரப்பர் கிழிந்த கதை – 7: செஸ் பணமும் ஒரு கீறலும்

சென்ற வாரம் கண்ணாடியோடு நின்றோம். விரிசல் நீள்கிறதென்றால் இரண்டு புதிய முகங்கள் பிறக்கின்றன. அதற்கான ஆற்றலை, இழுபட்டு நிற்கும் பொருள் தன் சேமிப்பிலிருந்தே கொடுக்க வேண்டும். 1920இல் கிரிஃபித் எழுதிய இந்தக் கணக்கு கண்ணாடிக்குப் பொருந்தியது. ரப்பரோ, புதிய முகத்துக்குத் தேவையானதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆற்றலை வாங்கிக்கொண்டுதான் கிழிந்தது. ஏன்?

அந்த விடையைத் தேடப் பணம் கொடுத்தது யார்?

மலாயாவின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ரப்பர் தோட்டங்கள். விடியுமுன் பிரட்டுக்கு (ஆள்கணக்குக்கு) நின்று, உளியும் வாளியுமாகப் பால்வெட்டப் போனவர்கள் நம்மவர்கள். ஸ்டோரில் பால் உறைந்து, சீட்டாகி, புகையில் காய்ந்து கப்பலேறும். மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பருக்கு செஸ் வரி உண்டு. இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில், 1938இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தை நடத்தியது அந்தப் பணம்தான். அந்தச் சங்கத்தின் ஆய்வுக் கட்டுரைகளில் பால்வெட்டுக்காரர்களுக்கும் நன்றியாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்பேன்.

அந்தச் சங்கத்தில்தான் ஆய்வாளர்கள் ரிவ்லினும் தாமஸும் ரப்பர் பட்டையை நடுவே கீறி, இரண்டு கால்களாக்கி, எதிரெதிரே இழுத்தார்கள். வேறு வடிவத் துண்டுகளையும் கிழித்தார்கள். வடிவம் மாறினால் இழுக்க வேண்டிய விசையும் மாறியது. ஆனால், புதிதாகக் கிழிபடும் பரப்புக்கு இவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டபோது, எல்லா வடிவத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு! 1953இல் அதை வெளியிட்டார்கள்.

ஆயிரம் மடங்கு எங்கே போனது? கீறலின் நுனியில்தான். அங்கே ரப்பர் பல மடங்கு நீள்கிறது, தளரும்போது வெப்பமாக ஆற்றலை இழக்கிறது. பால்மரத்து ரப்பரில் இன்னொன்றும் நடக்கிறது: நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாகி, நுனியிலேயே படிகமாக இறுகிக் கீறலுக்கு வழி மறிக்கின்றன. விமானச் சக்கரங்களுக்கு இன்றும் மரத்து ரப்பரைத் தேடுவது இதனால்தான்.

கணக்கு முடிந்ததா? இல்லை. லேசாக இழுத்து மாட்டிய பட்டையில், கிழிக்கத் தேவையான ஆற்றலில் ஒரு சிறு துளியே இருந்த நிலையில், இழுத்த திசைக்குக் குறுக்கே கீறல்கள் விழுந்தன. எடை கூடவில்லை, கத்தி படவில்லை. இருட்டில் வைத்தாலும் விழுந்தன. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் மட்டும் விழவில்லை.

அப்படியானால், காற்றில் ஒளிந்திருந்து ரப்பரை வெட்டியது எது?

(தொடரும்)