புகைக் கல்லும் புகைத் தீவும்

தருமபுரி மாவட்டத்து மாணவர் சிலரோடு ஒருமுறை ஒகேனக்கல் சென்றிருந்தேன். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. "ஐயா, இது பண்டைய எரிமலையோ?" என்று ஒரு மாணவர் வினவினார். அன்று ஆற்றங்கரையில் கூறிய விடையையே இன்று உங்களுக்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

அங்கே நாம் காண்பது புகையன்று. காவிரி பாறையில் மோதிச் சிதறும் நீர்த்துளிப் படலமே. ஆயினும் அம்மாணவரின் ஐயம் முற்றும் பொருளற்றதன்று. கார்பனடைட் என்னும் அரிய பாறை ஒகேனக்கல் பகுதியில் உண்டு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக எழுந்து, நிலத்தினுள்ளேயே உறைந்தது அது. நம் மாவட்டத்து நெருப்பு என்றோ ஆறிவிட்டது.

ஆறாத நெருப்பைக் காண வங்கக் கடலைக் கடந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்லவேண்டும். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' எனக் குறிப்பது நிக்கோபாரையே. இத்தீவுகள் யாவும் எரிமலை கக்கியவை எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. மியன்மாரின் அரக்கான் மலைத்தொடர் கடலுள் இறங்கிச் சுமத்திராவை நோக்கிச் செல்கிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் முகடுகளே இத்தீவுகள். இந்தியப் புவித்தட்டு கிழக்கிலுள்ள தட்டின் அடியில் புதையும்போது, கடலடி வண்டல் மடிந்து மலையாக உயர்ந்தது. புதைந்த தட்டிலிருந்து கசியும் நீர் மேலுள்ள வெப்பப் பாறையை உருகச் செய்கிறது. அக்குழம்பு வெளிப்படும் வாயே, தொடருக்குக் கிழக்கே தனித்து நிற்கும் பாரன் தீவு. 1787இலேயே அது குமுறியதாகக் குறிப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிய அது, 1991இல் மீண்டும் விழித்தது. கடலுக்கு மேல் அதன் உயரம் சுமார் 350 மீட்டர். நீருக்குள் மறைந்திருப்பதோ 2,000 மீட்டருக்கும் மிகுதி.

அத்தட்டுகளே 2004 டிசம்பர் 26 அன்று திடீரென நழுவின. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களிலும் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்களோ மேட்டுநிலம் ஏறி உயிர் பிழைத்தனர்.

மாணவர்களே, நம் மாவட்டத்துக்குக் கடலில்லை. ஆயினும் கல்விக்கும் தொழிலுக்கும் கடலோர ஊர்களுக்குச் செல்வீர்கள். அங்கே நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், வேடிக்கை பார்த்து நில்லாமல் மேட்டுநிலம் நாடுங்கள். பூகோளப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படியாதீர்கள்.