திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் கணையக் கட்டியும்

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலை முறைதான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் இன்னொரு முக்கியமான கல்வெட்டு உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில், அங்குள்ள பெருமாள் கோயிலில் 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர் சாலை (மருத்துவமனை) நடந்ததை அது சொல்கிறது. வைத்தியரோடு அறுவை செய்பவர் ஒருவரும் அங்கே பணியில் இருந்தார்.

ஆனால் அந்தக் காலத்து அறுவை மருத்துவர் நெருங்கவே முடியாத உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் கணையம். இரைப்பைக்குப் பின்னால், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி அது ஒளிந்திருக்கிறது. கணையத்தின் தலைப்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவையை 1909-இல் பெர்லினில் காவுஷ் செய்தார். 1935-இல் நியூயார்க்கின் விப்பிள் அதைப் பிரபலமாக்கினார்.

விப்பிளோடு பணியாற்றிய வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், 1959-இல் ஒரு விசித்திரமான கணையக் கட்டியை விவரித்தார். இந்தக் கட்டி வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் இளம் பெண்கள். பல பெயர்களால் குழம்பிக் கிடந்த இதற்கு 1996-இல் உலக சுகாதார நிறுவனம் 'சாலிட் சூடோபாப்பில்லரி ட்யூமர்' என்று ஒரே பெயர் வைத்தது.

இது மெதுவாக வளரும். லேசான வயிற்று வலி, சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு, சிலருக்குக் கையில் தட்டுப்படும் கட்டி, இவ்வளவுதான் அறிகுறி. அதனால் கிராமங்களில் வாயு, அல்சர் என்று மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடலாம். மணமாகாத பெண் என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு! 1970-களில் வந்த சி.டி. ஸ்கேன்தான் இந்த இருட்டை விலக்கியது. தடித்த உறையும், உள்ளே பாதி திடமும் பாதி ரத்தக்கசிவுமாக இருக்கும் கட்டியை அது காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சை அறுவைதான். கட்டி வால்பகுதியில் இருந்தால் அந்தப் பகுதியை எடுப்பார்கள், சிலருக்கு மண்ணீரலையும் சேர்த்து. தலைப்பகுதி என்றால் விப்பிள் அறுவை. பரவாத கட்டியை முழுதாக நீக்கிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரலுக்குப் பரவியவர்களில்கூட, அறுவைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு.

'கணையத்தில் கட்டி' என்று கேட்டதுமே, எல்லாம் முடிந்தது என்று பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. கணையக் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. எந்தக் கட்டி என்று தெரிந்துகொள்வதில்தான் ஓர் உயிரே இருக்கிறது.