டைனோசர் இல்லை, கடல் பல்லி!

2015ல் வந்த "ஜுராசிக் வேர்ல்ட்" படத்தில் தண்ணீரில் இருந்து எகிறி ஒரு முழுச் சுறாவைக் கவ்விக்கொண்டு போகுமே, அதன் பெயர் மோசசாரஸ். பலரும் அதை டைனோசர் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த ராட்சதப் பல்லி. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறக்குறைய 40 வருடங்கள் ஆனது!

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் பீட்டர் குன்று இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டியபோது 1760களில் ஒரு பெரிய மண்டை ஓடு கிடைத்தது. சில வருடங்கள் கழித்து இன்னொன்றும் கிடைத்தது. இது என்ன மிருகம்? ராணுவ மருத்துவரான ஹாஃப்மன் முதலை என்றார். உடற்கூறு அறிவியலில் பெரிய பெயர் பெற்ற பெட்ரஸ் காம்பர், 1786ல் திமிங்கிலம் என்றார். அவர் சொன்னால் மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

1794ல் பிரெஞ்சுப் படை நகரத்தைப் பிடித்தது. இரண்டாவது மண்டை ஓடு பாரிசுக்குப் போனது. அதைத் தேடிக் கொண்டுவந்த சிப்பாய்களுக்கு 600 பாட்டில் ஒயின் பரிசு என்று ஃபோஜா என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். இது கட்டுக்கதையாக இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அவரும் அதை முதலை என்றுதான் சொன்னார்.

மறுப்பு வந்தது காம்பர் வீட்டிலிருந்தே! அப்பா இறந்து பத்து வருடம் கழித்து, 1799ல், மகன் ஏட்ரியன் காம்பர் அதே எலும்புகளை ஆராய்ந்து, இது உடும்பு போன்ற பல்லி என்றார். இந்த மிருகத்துக்கு மேலண்ணத்திலும் பற்கள் உண்டு. திமிங்கிலத்துக்கும் முதலைக்கும் அப்படிக் கிடையாது. சில பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் உண்டு. 1808ல் பாரிசின் புகழ்பெற்ற கூவியே அதை உறுதி செய்தார்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கடவுள் படைத்த உயிரினம் அடியோடு அழியாது என்று பலர் நம்பிய காலம் அது. இவ்வளவு பெரிய பல்லி இன்று எந்தக் கடலிலும் இல்லையே! உயிரினங்கள் அழிந்து போவதுண்டு என்ற கூவியேயின் வாதத்துக்கு இது பலம் சேர்த்தது. மோசசாரஸ் 6.6 கோடி வருடங்களுக்கு முன் அழிந்துவிட்டது என்று இன்று தெரியும்.

1822ல் அந்த ஊர் வழியாக ஓடும் மியூஸ் நதியின் லத்தீன் பெயரை வைத்து மோசசாரஸ் என்று பெயரிட்டார்கள். 1829ல் அதனுடன் "ஹாஃப்மனி" என்பதும் சேர்ந்தது. முதலை என்று தவறாகச் சொன்னவரின் பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவின் முடிவையே திருத்திச் சரியாகச் சொன்ன மகனைத்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.