4419-ஆ, 4420-ஆ?

2012-ல் உத்தரப்பிரதேசத்து சகாரன்பூருக்கு மாற்றல் வந்தது. மரவேலைக்குப் பேர் போன ஊர். சந்துக்குச் சந்து உளிச் சத்தம், மழை பெய்தால் ஈர மரத்தூள் வாசம். கிளையில் எனக்கு ஏற்றுமதி பில்களைச் சரிபார்க்கும் வேலை.

ஒருநாள் அறுபது வயசுப் பெரியவர் ஒருவரின் பில் மேசைக்கு வந்தது. ஷீஷம் மரத் தட்டுகள். (நம்மூர் ஈட்டி மரத்துக்குச் சொந்தக்காரன்தான் ஷீஷம்.) ஓரமெல்லாம் திராட்சைக் கொடி செதுக்கியது. வெளிநாட்டு வங்கி அனுப்பிய எல்.சி.யில் பொருளின் ஹெச்.எஸ். எண் 4420 என்று இருந்தது. இவருடைய இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் 4419. சுங்க ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த எண் அது.

எல்.சி. விவகாரத்தில் வங்கிக்காரன் சரக்கைப் பார்க்கக் கூடாது, காகிதத்தை மட்டுமே பார்க்க வேண்டும். யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. இன்வாய்ஸை மாற்றி அடித்து வரலாம். சுங்கத்தில் பதிவாகிவிட்ட ஷிப்பிங் பில்லைத் திருத்த நாளாகும். எல்.சி. தேதியோ முடிகிற தறுவாயில். நான் 'டிஸ்கிரிபன்ஸி' என்று குறித்து அனுப்பினேன். அந்தப் பக்கத்து வங்கி அதற்கொரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது. வாங்குகிறவர் வாரக் கணக்கில் இழுத்தார். நடுவில் ஈத் வந்தது. பெரியவர் தன் ஆட்களுக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுத்தார்.

அப்புறம் என்னிடம் வந்து கோபமே இல்லாமல் கேட்டார்: "சாப், இதில் பழம் வைத்தால் தட்டு. சுவரில் சாய்த்து வைத்தால் அலங்காரம். செதுக்குகிற எனக்கு அது எப்படித் தெரியும்?"

பி.காம். படித்த எனக்கும் தெரியவில்லை. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

உலகம் முழுக்கப் பொருள்களுக்கு ஒரே பட்டியல் வேண்டும் என்ற யோசனை பழையது. 1913-ல் பிரஸ்ஸல்ஸில் 29 நாடுகள் கூடி, வணிகப் புள்ளிவிவரத்துக்காக எல்லாச் சரக்கையும் 186 இனங்களில் அடைத்தன. 1927-ல் ஜெனீவாவில் நடந்த உலகப் பொருளாதார மாநாடு சுங்கவரிக்கும் பொதுப் பட்டியல் வேண்டும் என்றது. சர்வதேச சங்கத்தின் நிபுணர்கள் 1931-ல் ஒரு வரைவு தயாரித்து, 1937-ல் திருத்தினார்கள்: 86 அத்தியாயம், 991 தலைப்பு. பிறகு போர்.

போர் முடிந்து 1950-ல் பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி வந்ததுதான் பி.டி.என். எனப்பட்ட பிரஸ்ஸல்ஸ் பட்டியல். நம் 1975-ம் வருஷத்துச் சுங்கவரிச் சட்டம் அதைத் தழுவியது. அதற்கு முன் நமக்கு இருந்தது 1934-ம் வருஷத்துச் சட்டம்.

பெரியவரின் கேள்விக்கு அந்த பிரஸ்ஸல்ஸ் பட்டியலில் பதில் இருந்தது. 44-ம் அத்தியாயம் மரம். அதில் 44.24 வீட்டுப் புழக்கத்துக்கான மரச் சாமான்கள். 44.27 நகைப்பெட்டி, சிகரெட் பெட்டி, அலங்காரப் பொருள் வகையறா. இந்த 44.27-ல் தட்டும் பழக் கிண்ணமும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தன! கரண்டி ஒரு பக்கம், தட்டு இன்னொரு பக்கம். பெரியவரின் அப்பா காலத்தில் இதே தட்டு கப்பலேறியிருந்தால் பிரஸ்ஸல்ஸ் கணக்கில் ஆபரணப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். சண்டையே வந்திருக்காது.

1983-ல் ஒப்பந்தமாகி 1988 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த ஹெச்.எஸ். முறை இதைக் கலைத்துப் போட்டது. (இந்தியா முந்திக்கொண்டு 1986 பிப்ரவரியிலேயே தன் பட்டியலை அதற்கேற்ப மாற்றிவிட்டது.) புதிய 4419 மேஜை, சமையலறைச் சாமான்கள். 4420 பதிப்பு வேலை, நகைப்பெட்டி, சிலை, அலங்காரப் பொருள். தட்டின் பெயர் 4420-ன் தலைப்பில் இல்லை. சாதாரணத் தட்டும் கிண்ணமும் 4419-க்கு வந்துவிட்டன. ஆனால் 'முதன்மையாக அலங்காரத்துக்கானது' என்றால் 4419-ல் சேராது என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. 4420-க்கான குறிப்பிலோ கவனமான வேலைப்பாடு, நல்ல மெருகு என்று வருகிறது. சகாரன்பூர்த் தட்டில் இரண்டும் உண்டே! பெயரைப் பார்த்து முடிவு செய்தது போய், பொருளின் 'தன்மை'யைப் பார்த்து முடிவு செய்யும்படி ஆயிற்று. தன்மையை ஏஜெண்ட் ஒரு மாதிரி பார்க்கிறார், கடல் கடந்து இருக்கும் அதிகாரி வேறு மாதிரி பார்க்கிறார்.

அந்த விளக்கக் குறிப்பைப் படிப்பது தனி சுகம். பூரிக்கட்டை, உலக்கை, மசாலாப் பெட்டி எல்லாம் 4419-ல் வருகின்றன. பாட்டி வீட்டு மர அஞ்சறைப்பெட்டிக்கு பிரஸ்ஸல்ஸில் ஒரு இடம் இருக்கிறது :-) அதையே எவர்சில்வரில் வாங்கினால் 7323. பித்தளை என்றால் 7418, பிளாஸ்டிக் 3924, கண்ணாடி 7013. நாம் 'பாத்திரம்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை இந்தப் பட்டியல் எதில் செய்தது என்று கேட்டுப் பிரித்துப் போடுகிறது.

வெகுகாலம் 4419-க்கு உட்பிரிவே கிடையாது. மரமானாலும் மூங்கிலானாலும் ஒரே ஆறு இலக்கம். 2017-ல்தான் மூங்கிலைத் தனியே எடுத்தார்கள்: வெட்டுப் பலகைக்கு ஒன்று, சாப்பிடும் குச்சிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. 2022-ல் வெப்பமண்டல மரத்துக்கு 4419.20 வந்தது. தேக்குக் கரண்டி இப்போது அதில். காடு எங்கே கரைகிறது என்று கணக்குப் பார்க்க இந்தப் பிரிவு உதவும். அப்போதும் அந்த எண் மரத்தின் இனத்தைச் சொல்லாது.

இனம் எவ்வளவு முக்கியம் என்பதை சகாரன்பூர் 2017-ல் தெரிந்துகொண்டது. அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தம் ஷீஷத்தின் குடும்பத்தையே ஜனவரி 2 முதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஏற்றுமதிக்குக் காகிதத்துக்கு மேல் காகிதம். 2022 நவம்பரில் பனாமா கூட்டத்தில்தான், பொருள் ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சைட்டீஸ் பர்மிட் வேண்டாம் என்று தெளிவானது. ஒரு தட்டு ஒரு கிலோகூட இருக்காது.

நான் அதற்குள் மாற்றலாகி போபால் வந்துவிட்டேன். கிளம்பும்போது பெரியவரிடம் ஒரு தட்டு வாங்கினேன். காசு வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டால்தான் எடுத்துப் போவேன் என்றேன். தினமும் அதில்தான் காபி டம்ளர்கள் வருகின்றன. நவராத்திரிக்கு மட்டும் மனைவி அதைத் துடைத்து, கொலுவில் மேல் படியில் சாய்த்து வைக்கிறாள்.