கழிந்த புகையும் கைவிடப்பட்ட காரும்

தாம்பரத்தை விட்டுத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் பொத்தேரி. அதன் வடக்கே, பெருங்களத்தூர் - வண்டலூர்ப் பகுதியில், 'ஸ்டாண்டர்டு' கார்களை ஆக்கிய ஆலை இருந்தது. தெற்கே, மறைமலைநகரில், 'ஃபோர்டு' ஆலை எழுந்தது. முன்னதில் கார் ஆக்கும் வேலை 1980களின் இறுதியில் நின்றது. பின்னதில் 2022-ல் நின்றது. இரண்டு கார் ஆலைகளுக்கு இடையே அமைந்த ஊர் பொத்தேரி என்று சொன்னால் அது பிழையாகாது.

ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த 'ஹெரால்டு' காரை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். மருத்துவரும் வழக்கறிஞரும் பெருமையோடு ஓட்டிய கார் அது. இன்று அது கொட்டகைகளில் துரு ஏறிக் கிடக்கிறது. அதை எடுத்துப் புதுப்பித்து, எஞ்சினுக்கு டர்போசார்ஜர் பொருத்தி, கால் மைல் நேர்ப்பாதையில் சீறிப் பாயும் டிராக் பந்தயத்தில் ஓட்டலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உள்ளனர். "பழங்காருக்கு இந்தப் பவிசு எதற்கு?" என்று நகைப்போரும் உள்ளனர். நகைப்பதற்கு முன்னர் இந்தக் கலை பிறந்த கதையை நாம் அறிய வேண்டும். வேண்டாம் என்று வீசப்பட்டவற்றைக் கொண்டே வளர்ந்த கலை இது!

முதலில் வீசப்பட்ட பொருள் புகை. எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பப் புகையாகக் குழாய் வழியே வெளியேறி வீணாகிறது. இந்த வீணைக் கண்டு வருந்தியவர் பலர்; அதற்கு வேலை கொடுக்க வழி கண்டவர் ஆல்பிரட் பியூக்கி என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளர். வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்று. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மற்றொரு சக்கரத்தைப் பூட்டு. அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளட்டும். காற்று மிகுந்தால் எண்ணெயை மிகுதியாக எரிக்கலாம். மிகுதியாக எரித்தால் வலிமை மிகும். இதுதான் அவர் கருத்து. 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கருத்து கருவியாகி வெற்றி காண இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களில் ஜெர்மன் பயணிக் கப்பல்கள் இரண்டில் அது பொருத்தப்பட்டபோது, 1750 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் 2500 குதிரைத்திறன் தந்தது.

இதனிடையே வானூர்திக்கு ஒரு தொல்லை இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் 1918-ல், 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே ஒரு வானூர்தி எஞ்சினைக் கொண்டு சென்றார். டர்போ பூட்டினார். மெலிந்த காற்றிலும் எஞ்சின் தன் தரைமட்ட வலிமையை மீட்டுக் காட்டிற்று.

சாலைக்கு டர்போ வந்தது 1962-ல். அந்த ஆண்டு 'ஓல்ட்ஸ்மொபைல்', 'செவ்ரோலே' எனும் இரு அமெரிக்க நிறுவனங்களும் டர்போ பொருத்திய கார்களை விற்றன. 1977-ல் பிரெஞ்சு நிறுவனமான 'ரெனோ' அதை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டு வந்தபோது, அடிக்கடி புகை கக்கி நின்ற அந்த மஞ்சள் வண்டியை 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பகடி செய்தனர். 1979 ஜூலை முதல் நாள், பிரான்சின் டிஜோன் களத்தில் அதே நிறுவனத்தின் டர்போ கார் முதலிடம் பெற்றது. பகடி செய்தோரும் பின்னர் டர்போவைத் தேடி ஓடினர்.

அடுத்து, வீசப்பட்ட நிலம். உலகப் போர் ஓய்ந்ததும், வானூர்தி இறங்கிய ஓடுபாதைகள் பல நாடுகளிலும் வெறிச்சோடின. கலிபோர்னியாவில் இளைஞர்கள் 1930களின் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, தம் கையாலேயே திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளிலும் ஓடுபாதைகளிலும் ஓட்டினர். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இவர்களுக்கெனத் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். தெருவில் ஓட்டி உயிரை மாய்த்துக் கொண்டிருந்தோரை, விதிமுறையும் பரிசோதனையும் உள்ள களத்துக்கு அழைத்து வருவதே அதன் முதல் நோக்கம். கால் மைல், அதாவது 402 மீட்டர், அந்தப் பந்தயத்தின் அளவாயிற்று. இது ஆண்களின் ஆட்டம் என்று சொல்லித் தடுத்தோரையும் மீறி, ஷெர்லி மல்டௌனி என்ற பெண், அதன் உச்சப் பிரிவில் 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாகை சூடினார்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அத்தகைய போர்க்கால ஓடுபாதை இருந்தது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதைப் பந்தயக் களமாக்கிற்று. ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும் அங்கே ஓடின. திருத்திய கார்களைக் காண மக்கள் திரண்டனர். பின்னர் அக்கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைத்தது. 1990 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. இன்று மோட்டார் சைக்கிள்களுக்கான டிராக் பந்தயங்களும் அத்தடத்தில் நடத்தப்படுகின்றன.

இனி அந்தப் பழங்காருக்கு வருவோம். ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.; திறன் ஏறத்தாழ நாற்பது குதிரை. நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. டர்போ அதன்மேல் ஏழு பவுண்டு கூட்டினால், உள்ளே செல்லும் காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஏட்டுக் கணக்கில் நாற்பது குதிரை அறுபதாகும். ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. அழுத்திய காற்று சூடாகும். சூடானால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். பட்டறைக்காரர் அதை 'நாக்கிங்' என்பர். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அது ஒன்றே போதும். ஆகவே காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. டர்போ முழுவீச்சில் அழுத்தும்போது காற்றின் பங்கைப் பன்னிரண்டளவுக்கு இறக்கி, பெட்ரோலைத் தாராளமாகத் தர வேண்டும். அழுத்தம் எல்லை மீறாதபடி, மிகுந்த புகையை விலக்கிவிடும் 'வேஸ்ட்கேட்' என்னும் கதவு வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு, கிராங்க் தண்டு தாங்குமா? ஹெரால்டில் அதைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். ஹெட் கேஸ்கட் தாங்குமா? கிளட்ச் வழுக்குமா? பின் அச்சு என்னாகும்? ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனி அரை அச்சுகளில் ஊசலாடுபவை. திடீர் விசையில் சக்கரம் சாய்ந்து பிடிப்பை இழக்கும். பின்னர் 1970களில் வந்த 'கெஸல்' காருக்கு அந்த ஆலையே ஒற்றை அச்சைப் பொருத்திற்று. ஆகவே எஞ்சினை மட்டும் ஊட்டி வளர்த்து, அச்சையும் பிரேக்கையும் பட்டினி போடுவது மடமை. இந்த வினாக்களுக்கு விடை காணாமல், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் கேஸ்கட் காப்பாற்றப்படுமா? கேஸ்கட்டுக்கு நாளும் தெரியாது, கோளும் தெரியாது. அழுத்தமும் வெப்பமும் மட்டுமே தெரியும்.

மூன்றாவதாக வீசப்பட்டது ஒன்றுண்டு. அதைச் சொல்லவே இத்தனையும் சொன்னோம். அது கையறிவு. எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்ந்த கை என்றும், ஏடு பிடித்த கையே உயர்ந்த கை என்றும் வகுத்து வைத்த நாடு இது. லேத்தின் முன் நின்று நூலளவு பிசகாமல் உருளை கடைபவரை, "படிப்பு ஏறவில்லை, அதனால் பட்டறைக்குப் போனான்" என்று இன்றும் பேசுகிறோம். பள்ளிப் படிப்பை நெடுநாள் தொடராத கோவை ஜி.டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றார் என்பர். 1920-ல் பேருந்துத் தொழிலில் இறங்கினார்; 1937-ல் மின் மோட்டார் ஆக்கும் முயற்சியில் முன்னின்றார். அதே கோவையின் கரிவர்தன், மாருதி காரின் சாதாரண எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் ஆக்கினார். அத்தகைய 'ஃபார்முலா மாருதி' கார்களில் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995-ல் வானூர்தி விபத்தில் மறைந்தார். கோவையின் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே, தோழர்களே, பழைய ஹெரால்டைக் கையில் எடுக்கும் இளைஞரை நாம் ஏளனம் செய்யோம். அவர் கற்பது வெப்பவியல். அவர் கற்பது உலோகவியல். கல்லூரி ஏட்டில் வரியாகக் கிடப்பதை அவர் விரல் நுனியில் உணர்கிறார். பொத்தேரியைச் சுற்றிலும் இன்று பொறியியல் பயிலும் மாணவர் திரள் உண்டு. சாலையோரம் பட்டறைகளும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகளே. ஆயினும் அதைக் கடப்போர் எத்தனை பேர்? மாணவர் பட்டறைக்குச் சென்று ஸ்பானர் பிடிக்கட்டும். பட்டறைத் தோழர் கல்லூரிக்கு வந்து கணக்கைக் கேட்கட்டும். கேட்பதில் எவர்க்கும் இழிவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்வோம். ஆக்கிய எஞ்சினை ஓட்டிக் காட்டும் இடம் பெருஞ்சாலை அன்று. பொது இடத்தில் அரசின் இசைவின்றிப் பந்தயம் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தண்டிக்கிறது. 2019-ல் தண்டம் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்தது. பதிவில் உள்ள எஞ்சினை விருப்பம்போல் மாற்றி ஓட்டவும் சட்டம் இடம் தராது. சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அந்த ஒரு வினாடியில்தான் பொத்தேரி நிலையத்தில் மின்ரயில் விட்டிறங்கிய தாய், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறாள். அவளுக்கு டர்போவும் தெரியாது, பந்தயமும் தெரியாது. எஞ்சினின் ஒவ்வோர் அழுத்தத்தையும் எண்ணிப் பார்த்தவர், அந்தத் தாயை எண்ணாதிருந்தால் அவர் கற்ற கணக்கு அரைக்கணக்கே.

வீணாகும் புகைக்கும் வேலை கொடுத்தது மனித அறிவு. அந்த அறிவைக் கற்ற கைகள் ஓர் உயிரையும் வீணாக்க மறுக்க வேண்டும். பட்டறையில் ஆக்குவோம், களத்தில் ஓட்டுவோம், சாலையை நடப்போர்க்கு விடுவோம்.