லயம்: ஒரு சொல்லின் வரலாறும் பொருள் மாற்றமும்

1. முன்னுரை

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் நீண்ட கட்டடத்திற்கு 'லயம்' என்பது பெயர். ஒரே கூரையின்கீழ்ப் பொதுச்சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு வீடுகள் அடுத்தடுத்து அமைந்த கட்டடம் அது. தமிழரும் மலையாளிகளும் இச்சொல்லை ஒருங்கே வழங்குகின்றனர்.

'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். அக்கூற்று தவறன்று, ஆயினும் போதாது. இச்சொல் எவ்வழியாக இம்மலைகளை வந்தடைந்தது, எந்த இலக்கண நெறியால் உருமாறியது, வந்த இடத்தில் எப்பொருளை இழந்து எப்பொருளைப் பெற்றது என்பன மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன்படும் வினாக்களாகும். அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆங்கிலத்தில் 'லைன்'

இச்சொல்லின் வேர் ஒரு செடியின் பெயராகும். இலத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு 'லீனும்' என்பது பெயர். அதன் நாரால் திரித்த நூல் 'லீனியா' எனப்பட்டது. இச்சொல் மிகப் பழங்காலத்திலேயே செருமானியக் கிளைமொழிகளுள் புகுந்து, பழைய ஆங்கிலத்தில் 'லீனெ' என்னும் வடிவில் கயிறு என்னும் பொருளில் வழங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அதே இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்த 'லீன்யு' என்னும் பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலத்தில் கலந்தது. இரு கிளைகளும் சேர்ந்து இன்றைய 'லைன்' உருவாயிற்று. லினன் துணியின் பெயரும் இவ்வேரினதே.

மீன் பிடிக்கும் தூண்டிற்கயிற்றையும் துணி உலர்த்தும் கொடியையும் குறிக்கும்போது இச்சொல் தன் பழம்பொருளிலேயே நிற்கிறது. நூலை இழுத்துப் பிடித்து இட்ட கோடு, கோடுபோல் அமைந்த எழுத்து வரி, மக்கள் அல்லது பொருள்களின் வரிசை, தலைமுறை வழி, இருப்புப்பாதை எனப் பிற்காலப் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன. தமிழில் 'நூல்' என்னும் சொல் பஞ்சிழையையும் இலக்கண இலக்கியப் பனுவலையும் குறிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் இழையே முதற்பொருள். ஒழுங்கு பற்றிய பொருள் பின்னர் வந்தது.

3. படைவீட்டிலிருந்து தோட்டத்திற்கு

ஆங்கிலேயப் படை வழக்கில் இச்சொல் பன்மை வடிவில், வரிசையாக அடிக்கப்பட்ட கூடாரங்களையும் குடில்களையும் குறித்தது. இந்தியாவில் சிப்பாய்களின் குடில் வரிசைகள் 'சிப்பாய் லைன்ஸ்' எனப்பட்டன. தில்லி, அலகாபாத் முதலிய நகரங்களில் ஆங்கிலேய அலுவலர் குடியிருந்த பகுதிகள் 'சிவில் லைன்ஸ்' எனப் பெயர் பெற்றன. பின்னர்த் தோட்டங்களில் தொழிலாளர்க்குக் கட்டிய வரிசை வீடுகள் 'கூலி லைன்ஸ்' எனப்பட்டன. படைவீட்டுச் சொல்லே தோட்டத்திற்கு வந்தது எனக் கருத இடமுண்டு. தோட்டத்தின் பிற சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'மஸ்டர்' படைவீரரை அணிதிரட்டிக் கணக்கெடுத்தலைக் குறித்த சொல். இலங்கை மலையகத்தில் தொழிலாளர் வேலைக்கு அணிவகுக்கும் 'பெரட்டுக்களம்' என்பதில் உள்ள 'பெரட்டு' படை அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்பதன் திரிபு.

இடுக்கி மலைகளில் இச்சொல் வேரூன்றிய காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம். 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலைகள் விளைபொருள் நிறுவனம் அமைக்கப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் திரட்டப்பட்டனர். குறுகிய நிலத்தில் குறைந்த செலவில் பலரைக் குடியமர்த்தவும், விடியற்காலையில் அவர்களை ஒருங்கே வேலைக்கு அழைக்கவும் வரிசைக் கட்டடம் வாய்ப்பாக இருந்தது. துரைமார் வாயிலாகவும் கங்காணிமார் வாயிலாகவும் அதன் பெயர் தொழிலாளர் செவிக்கு எட்டியது. அவர்கள் அதனை ஏட்டில் கற்றவர்கள் அல்லர், காதால் கேட்டவர்கள். இவ்வேறுபாடு அடுத்துக் கூறப்படும் ஒலி மாற்றத்தை விளக்க உதவும்.

4. ஒலி மாற்றமும் இலக்கண ஏற்பும்

'லைன்' என்பது 'லயம்' ஆனது இரண்டு படிகளில் நிகழ்ந்தது எனலாம். முதற்படியில் ஐகாரம் 'அய்' என விரிந்து, 'லைன்' என்பது 'லயன்' ஆயிற்று. அகரமும் யகர மெய்யும் சேர்ந்து ஐகாரம் போல ஒலிப்பதைத் தொல்காப்பியமே குறித்துள்ளது. இலங்கை மலையகத் தமிழில் 'லயன்' என்னும் இவ்வடிவம் பெருக வழங்குகிறது.

இரண்டாம் படியில் இறுதி னகரம் மகரமாயிற்று. நிலம், நிலன் எனவும் அறம், அறன் எனவும் அஃறிணைப் பெயர்களில் மகர னகரங்கள் மாறி வருதலை இலக்கண நூலார் கடைப்போலி என்பர். இங்கு அந்நெறி எதிர்த்திசையில் இயங்கியுள்ளது. அஃறிணைப் பெயர்க்கு 'அம்' ஈறே இயல்பானது என்னும் மொழியுணர்வு அயற்சொல்லின் ஈற்றைத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது.

இவ்வீறு மாறியதன் விளைவு பெரிது. 'லைன்' வேற்றுமை ஏற்கும்போது 'லைனில்' என வரும். 'லயம்' என்பதோ 'லயத்தில்', 'லயத்துக்கு' என மரம், நிலம் முதலிய சொற்களைப் போல அத்துச் சாரியை பெற்று வருகிறது. மலையாளத்திலும் 'லயத்தில்', 'லயங்ஙள்' என்றே வழங்கும். ஒரு கடன்சொல் சாரியை பெறும்போது அது மொழியின் உள்வீட்டிற்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அதே ஆங்கிலச் சொல் தமிழில் மீண்டும் ஒருமுறை புகுந்துள்ளமையும் கருதத்தக்கது. மின்வாரிய 'லைன்மேன்', தொலைபேசி 'லைன்', கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் வாடகைக்கு விடப்படும் 'லைன் வீடு' ஆகியவை ஆங்கில ஒலியைப் பெரிதும் காத்து நிற்கின்றன. ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்த இவை இரட்டைக் கடன்சொற்கள். லைன் வீட்டில் இருப்பவர் வாடகை செலுத்துபவர். லயத்தில் இருப்பவர் உழைப்பைச் செலுத்துபவர். வடிவ வேறுபாட்டோடு பொருள் வேறுபாடும் நிலைபெற்றுவிட்டது.

5. ஒலி ஒப்புமையால் எழும் மயக்கம்

இசையில் காலப் பிரமாணத்தையும், மெய்யியலில் ஒடுக்கத்தையும் குறிக்கும் வடசொல்லான 'லயம்' தமிழிலும் மலையாளத்திலும் முன்பே உண்டு. பலர் ஒன்றி வாழும் இடமாதலின் அவ்வடசொல்லே இப்பெயர்க்கு மூலம் என்று கூறுதல் எளிது. குதிரை கட்டும் 'லாயம்' என்பதோடு இணைத்துப் பார்த்தலும் எளிது. இவ்விரு விளக்கங்களும் ஏற்புடையன அல்ல. இப்பொருளில் இச்சொல் தோட்டங்களுக்கு வெளியே வேரூன்றவில்லை. ஆங்கிலத் தோட்ட முறை பரவிய இலங்கையிலும் மலேசியாவிலும் இதே பொருளில் வழங்குகிறது. இடைநிலை வடிவமான 'லயன்' இன்றும் கிடைக்கிறது. இம்மூன்றும் ஆங்கில மூலத்தையே உறுதிப்படுத்துகின்றன. ஆயினும், முன்னரே இருந்த வடசொல்லின் வடிவம் புதிய சொல்லுக்கு ஆயத்தமான ஓர் அச்சாக உதவியிருக்கலாம்.

6. எல்லைப் பகுதி வழக்கு: லயமும் பாடியும்

எல்லாத் தோட்டப் பகுதிகளும் இவ்வயற்சொல்லை ஏற்கவில்லை. வயநாட்டிலும், பாலக்காட்டு மாவட்டத்தின் நெல்லியாம்பதி மலையிலும் தொழிலாளர் குடியிருப்பைப் 'பாடி' என வழங்குவர். இது பழந்தமிழ்ச் சொல். ஆயர் வாழும் இடம் ஆயர்பாடி. படை தங்கும் இடம் பாடிவீடு. படை தங்குமிடம் என்னும் பொருள் ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் பொதுவாக அமைந்தது வியப்புக்குரியது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று கூறச் சான்றில்லை. எனினும் குடும்பமாக வாழ்வோரின் இருப்பிடத்தை ஊர் என்றோ தெரு என்றோ கூறாமல், தற்காலிகத் தங்கலைச் சுட்டும் சொல்லால் இரு மொழிகளும் குறித்தன என்பது உண்மை.

7. வடிவத்திலிருந்து வாழ்நிலைக்கு

ஆங்கிலத்தில் இச்சொல் கட்டடத்தின் அமைப்பைக் குறித்தது. வரிசை என்பதே அதன் கரு. தமிழில் வரிசை என்னும் பொருள் மறைந்துவிட்டது. லயம் என்று சொல்லும் தொழிலாளி கோட்டையோ வரிசையையோ எண்ணுவதில்லை. வேலையோடு பிணைந்த வீடு என்பதே அவர் மனத்தில் எழும் பொருள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வீட்டு வசதி அளிப்பதை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வீடு நிருவாகத்தினுடையது. பணி முடிந்தால் அதனை ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆதலின் ஓய்வு பெறும் தாய்க்குப் பின் மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் குடும்பம் அங்கேயே இருக்க இயலும் என்னும் நிலை ஏற்பட்டது. நான்கு தலைமுறை வாழ்ந்தும் அது சொந்த வீடு ஆவதில்லை.

இலங்கை மலையகத்தில் இதன் எதிர்ச்சொல்லை நோக்கின் இப்பொருள் மேலும் தெளிவாகும். அங்கு லயத்திற்கு எதிராக நிற்கும் சொல் 'தனிவீடு'. இந்திய அரசு 2017இல் மலையகத்திற்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோதும் தனிவீடு என்னும் சொல்லே மக்கள் பேச்சில் முன்னின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த ஒரு மக்கட்குழுவின் நாவில், தனிவீடு என்பது பொதுச்சுவர் இல்லாத கட்டடத்தை மட்டும் குறிக்கவில்லை. தமக்கென ஒரு முகவரியையும் குறித்தது.

இடுக்கியில் இச்சொல்லைப் பொதுமக்கள் அனைவரும் அறிய நேர்ந்தது ஒரு பேரிடரால். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவின்போது பாடி என்னும் சொல் அவ்வாறே செய்தித்தாள்களில் இடம்பெற்றது. நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய இச்சொற்களின் பொருளை வெளியுலகம் கேட்டறிந்தது, அவை குறித்த வீடுகள் மண்ணுள் மறைந்த பின்னரே.

8. மொழிபெயர்ப்பாளர்க்கு

தோட்ட வாழ்வைப் பேசும் ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் 'லைன்ஸ்' என்பதை 'வரிசை வீடுகள்' எனப் பெயர்த்தால் கட்டடம் கிடைக்கும், வாழ்நிலை கிடைக்காது. 'குடியிருப்பு' என்றால் அரசு அலுவலர் குடியிருப்பிற்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாது. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' புதினம் 1969இல் வெளிவந்து, 2007இல் இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என வந்தது. இத்தகைய நூல்களில் தொழிலாளர் தம் இடத்தைத் தாமே என்ன பெயரால் சுட்டினரோ அப்பெயரை மீட்டுத் தருதலே பெயர்ப்பாளர் கடமையாகும். கதைக்களம் மூணாறாயின் லயம், நெல்லியாம்பதியாயின் பாடி என வட்டார வழக்கை ஓர்ந்து ஆளுதல் வேண்டும்.

தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஆங்கிலத்திற்குப் பெயர்ப்போர் வேறொரு சிக்கலை எதிர்கொள்வர். மூலச் சொல் ஆங்கிலமேயாதலின் 'லைன்' என்று திருப்பித் தருதலே முறை எனத் தோன்றும். ஆனால் கேரளத்து ஆங்கிலச் செய்தித்தாள்கள் 'லயம்' என்றே எழுதி, ஆங்கிலப் பன்மை ஈறும் சேர்த்து, பொருள் விளக்கமும் தருகின்றன. அவ்வழக்கே சரியானது. 'கூலி' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலம் சென்று, உழைப்பின் ஊதியத்தைக் குறித்தது உழைப்பவனைக் குறிப்பதாகி, இழிசொல்லாகத் திரும்பியது. 'லைன்' தமிழுக்கு வந்து, வடிவப் பெயராக இருந்தது வாழ்நிலைப் பெயராகி, விளக்கம் வேண்டும் புதுச்சொல்லாக ஆங்கிலத்திற்குத் திரும்பியுள்ளது. பழைய சொல்லைக் கொண்டு அப்புதுப்பொருளை ஈடுசெய்ய இயலாது.

9. முடிவுரை

அகராதி செய்வோர் 'லயம்' என்பதற்கு 'லைன் என்பதன் திரிபு' என்று மட்டும் குறித்தல் போதாது. 'தோட்டத் தொழிலாளர்க்கு வேலையுள்ளவரை நிருவாகம் அளிக்கும், பொதுச்சுவர் உடைய தொடர்வீடு' என்று பொருளும், இடுக்கி, இலங்கை, மலேசியா என வழக்கிடமும், 'லயன்' என்னும் இணைவடிவமும், 'பாடி' என்னும் வட்டார ஒப்புச்சொல்லும் தருதல் வேண்டும்.

ஆளிநார்க் கயிறாகத் தோன்றிய சொல் இன்று தமிழிலக்கண நெறிப்படி சாரியை ஏற்று நிற்கிறது. மொழி அதனைத் தன் குடியாக ஏற்றுக்கொண்டது. அதனைப் பேசுவோர்க்குத் தாம் வாழும் வீட்டின்மீது அத்தகைய உரிமை கிடைக்கும் நாளில் இச்சொல்லின் பொருள் மீண்டும் மாறும். அம்மாற்றத்தையும் அகராதி பதிவு செய்யும் நிலை வருதல் வேண்டும்.